மங்கை போட்ட முடிச்சு

ஜன்னல் பக்கம் கொஞ்சம் விடுறீங்களாக்கா? கோச்சுக்காதீங்க, காத்துக்காகக் கேக்கல. இந்தச் சார்ட்டு நசுங்கிடக் கூடாது. நடைபாதை ஓரம் உக்காந்தா ஏறுறவங்க இறங்குறவங்க எல்லாம் இடிச்சு, நான் போய்ச் சேர்றதுக்குள்ள இது சுண்டல் பொட்டலமா ஆயிடும். இன்னைக்கு எனக்குப் பரீட்சை. சிரிங்க, சிரிங்க. தலையில நரையை வச்சுக்கிட்டுப் பரீட்சைன்னா சிரிப்பு வரத்தான் செய்யும். எங்க வீட்டுக்காரரே சிரிச்சாரு.

நீங்க சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்குமா? நான் மண்ணச்சநல்லூர் தாண்டினதும் ரைஸ்மில் ஸ்டாப்புல இறங்கிடுவேன். கண்ணசந்துட்டேன்னா எழுப்பி விடுங்க. துறையூர்ல ஒரு நர்சிங் ஹோம்ல எனக்கு நைட் டூட்டி. அங்கேருந்து நேரா பஸ் ஏறிட்டேன். நர்ஸ் எல்லாம் இல்லக்கா. பெட்ஷீட் மாத்துறது, பெட்பேன் வைக்கிறது. கூப்பிடுறது மட்டும் சிஸ்டர். முகத்தைக் கூட அங்கேயே கழுவிட்டு வந்தேன். இருந்த ஊக்கையெல்லாம் சார்ட்டுல குத்தியாச்சு, முந்தானையைப் பாருங்க, சும்மா சொருகி வச்சிருக்கேன்.

டீச்சர் படிப்பு. சாதா டீச்சர் இல்ல. ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர். மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவா இருக்கிற பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது. அய்யோ, அந்த வார்த்தை சொல்லாதீங்கக்கா. பரவால்ல, தெரியாமத்தானே சொன்னீங்க. நானும் முன்னாடி அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூவே நான் பிரைவேட்டா எழுதினவ. வார்டுல எல்லாரும் தூங்கினதும் நாற்காலியைப் போட்டு, கிடைச்சதை எல்லாம் படிப்பேன். யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. அதனாலதானோ என்னவோ, சொல்லிக் குடுக்கிற வேலை மேல அப்படி ஒரு ஆசை. பகல்ல முழிச்சிருந்து செய்ற ஒரு வேலை. வெளிச்சத்துல. இந்தப் பரீட்சை முடிஞ்சா பெரம்பலூர்ல ஒரு சென்டர்ல எடுத்துக்கிறேன்னுட்டாங்க. பேசி முடிச்சாச்சு. ரிசல்ட்டு வந்த அன்னைக்கே சேர்ந்துடலாம்.

இன்னைக்கு நடக்கிறதுதான் பெரிய பரீட்சை. வெளியூர்லேருந்து எக்ஸாமினர் வருவாரு. நாங்க ஆளுக்கொரு பிள்ளைக்கு இந்த டிரெயினிங் முழுக்க ஒரு வேலை கத்துக் குடுத்திருக்கணும். வந்த புதுசுல அந்தப் பிள்ளைக்கு அது தெரியாதுன்னு எழுதி வச்சிருப்போம். இன்னைக்கு அவர் கண்ணு முன்னாடி அதைப் பிள்ளை தானா செஞ்சு காட்டணும். செஞ்சா பாஸ்.

என் பிள்ளை பேரு மங்கை. மங்கையர்க்கரசி. பதினேழு வயசு. நல்லா வளர்ந்த பொண்ணு, என்னை விட உயரம். பேச்சு கொஞ்சம் தான் வரும், ஆனா தெளிவா வரும். அவளுக்கு நான் எடுத்த பாடம் ஷூ லேஸ் கட்டுறது.

நாங்க டிரெயினிங் எடுக்கிற ஸ்கூல்ல மங்கைக்கு ராசியான பொண்ணுன்னு பேரு. டீச்சர் டிரெயினிங் வர்றவங்களுக்கு ராசி. எந்த பேட்ச் வந்தாலும் அவளை வச்சுப் பரீட்சை குடுத்தவங்க முதல் மார்க். "அவளுக்கு ஞாபகம்தான் நிக்காது. லீவு விட்டு வந்தா எல்லாத்தையும் மறந்துடுவா. ஆனா சொல்லிக் குடுத்தா சுத்தமாப் பிடிச்சுக்குவா" அப்படின்னு எங்க ஃபிலோமினா மேடம் சொல்லுவாங்க. எங்களுக்கெல்லாம் வழிகாட்டி அவங்கதான். அதனால வந்த முதல் நாளே மங்கைக்குப் போட்டி. எங்க கூட ரெஹானான்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்கு, கல்யாணம் கூட ஆகல. அவளுக்குத்தான் மங்கை வந்திருக்கணும். நான் மேடத்துக்கிட்ட போய், "மேடம், நான் நைட் டூட்டி பார்த்துட்டு வர்றவ, ஓடுற பிள்ளையைக் குடுத்தா என்னால ஓட முடியாது"ன்னேன். உண்மைதானே? நான் ஒண்ணும் பொய் சொல்லல. ரெஹானாவுக்குக் கடிக்கிற பையன் கிடைச்சான். முழங்கையில பல்லு பதிஞ்சிருக்கு அவளுக்கு. "என்னக்கா, உங்களுக்கு மங்கை, எனக்கு மருந்தா?"ம்பா. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. நல்ல பொண்ணு.

புலிவலம் வந்துடுச்சா? இன்னும் நேரம் இருக்கு.

எப்படிச் சொல்லிக் குடுப்போம்னு கேக்குறீங்களா? ஒரு வேலையைச் சின்னச் சின்னதா உடைச்சுக்கணும். ரெண்டு முனையைப் பிடிக்கிறது, குறுக்கே போடுறது, அடியில விடுறது, இழுக்கிறது, வளையம் பண்றது, சுத்துறது, நுழைக்கிறது, கடைசியா இறுக்குறது. ஆனா முதல்லேருந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. கடைசியிலேருந்து பின்னாடி வரணும். எல்லாத்தையும் நாமளே கட்டி, இறுக்குறது மட்டும் பிள்ளை கையில விடணும். இறுக்கினதும், "பாரு, நீயே கட்டிட்ட!" அப்படின்னு கை தட்டணும். அடுத்து நுழைக்கிறதையும் அது கையில விடணும். அப்படியே பின்னாடி பின்னாடி. தினமும் முடிச்சோடதான் பாடம் முடியும், அதனால பிள்ளைக்குத் தோத்த மாதிரி இருக்காது. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா. யாரோ எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க.

கை தட்டினதும் ஒரு பரிசு குடுக்கணும். கடலை மிட்டாய் வச்சுப் பார்த்தேன். மங்கை அதைத் திரும்ப என் கையிலேயே வச்சுட்டா. என்ன வேணும்னு கேட்டா, தலையைக் காட்டுறா. சீவி விடணுமாம். சரின்னு தினமும் பாடம் முடிஞ்சதும் அவளுக்குத் தலை சீவி ரெட்டை ஜடை போட்டு விடுவேன். கண்ணை மூடிக்குவா. எனக்கும் தூக்கம் சொக்கும். ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருப்போம். ரெஹானா போட்டோ கூட எடுத்து வச்சிருக்கா.

மங்கையோட அம்மா பேரு சின்னப்பொண்ணு. பக்கத்து ரைஸ்மில்லுல வேலை. வீடு நொச்சியம். காலையில மகளைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு மில்லுக்குப் போகும். மூணு மணிக்கு ஸ்கூல் விட்டா, பாதி வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து, வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு, மறுபடி பஸ் ஏறி வரணும். மேஸ்திரி கத்துவாராம். வந்த முதல் வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அது கேட்டுச்சு: "டீச்சர், எம்பொண்ணுக்குத் தனியா பஸ் ஏறி வீட்டுக்கு வரத் தெரிஞ்சாப் போதும் டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம். நான் ஒருநாள் வர முடியாமப் போனா ரோட்டுல நிக்கக் கூடாது பாருங்க."

நான் பார்க்கலாம்மான்னு சொன்னேன். செய்றேன்னு சொல்லல. பார்க்கலாம்னுதான் சொன்னேன். மேடத்துக்கிட்ட கேட்டும் பார்த்தேன்க்கா, கேக்காம இல்ல. "பஸ் ஏத்தி எப்படிம்மா பரீட்சை நடத்துவே? எக்ஸாமினரை நொச்சியம் வரைக்கும் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போவியா? இந்த டிரெயினிங்குக்குள்ள முடியற வேலையா எடு"ன்னுட்டாங்க. அவங்க சொல்றதும் சரிதானே? பஸ் பாடம்னா நம்பர் தெரியணும், எந்தப் பக்கம் நிக்கணும்னு தெரியணும், கண்டக்டர்கிட்ட சொல்லத் தெரியணும், இறங்கத் தெரியணும். எத்தனை மாசம் ஆகும்! அதனால ஷூ லேஸ். என் தப்பு அதுல என்ன இருக்கு?

போன வாரம் ஒருநாள். இடைவேளை நேரம். நான் தண்ணி குடிச்சுட்டுத் திரும்புறேன், சின்னப் பிள்ளைங்க கிளாஸ் வாசல்ல மங்கை குனிஞ்சு உக்காந்திருக்கா. ஒரு பொடியன் காலை நீட்டிக்கிட்டு முறுக்கு தின்னுட்டிருக்கான். இவ அவனுக்கு லேஸ் கட்டி விடுறா. எப்படின்னு நினைக்கிறீங்க? கையைப் பார்க்கவே இல்ல. எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கிட்டே, பூக்காரம்மா பூக் கட்டுற மாதிரி, சர்ரு சர்ருன்னு. ரெட்டை முடிச்சு. நான் இன்னும் வளையம் பண்றது வரைக்கும்தான் பின்னாடி வந்திருக்கேன். ரெட்டை முடிச்சு எனக்கே சரியா வராது.

நான் நிக்கிறதைப் பார்த்துட்டா. உடனே ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டா. பால் குடிச்ச பூனை மாதிரி முழிக்கிறா.

"மங்கை, இது யாரு சொல்லிக் குடுத்தா?"

"லூர்து மிஸ்."

லூர்து யாருன்னே எனக்குத் தெரியாது. அப்புறம் அவளே சொல்றா, "அமுதா மிஸ். ஷர்மிளா மிஸ்." எல்லாம் எனக்கு முன்னாடி டிரெயினிங் வந்து போனவங்க. ஒவ்வொருத்தரும் வந்து இதே லேஸை இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் இவளுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க, நான் எழுதின மாதிரியே.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டே ஏன்டி தெரியாதுன்னே?"

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. இவ்வளவு பெரிய மிஸ்ஸுக்கு இது கூடத் தெரியலையேங்கிற மாதிரி.

"தெரிஞ்சா மிஸ் போயிடுவாங்க."

அவ்வளவுதான் சொன்னா. போயிட்டா, பொடியன் பின்னாடி.

யோசிச்சுப் பாருங்கக்கா. கட்டி முடிப்பா, எல்லாரும் கை தட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க, மறுநாள் அந்த மிஸ்ஸைக் காணோம். ஒரு தடவை, ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும். அவ ஞாபகமா மறந்திருக்கா. ஞாபகம் நிக்காதுன்னு நாங்க சொல்லிக்கிட்டிருந்தோம் பாருங்க, அவளைப் போய்!

மேடத்துக்கிட்டயா? சொன்னேன். முழுசாச் சொல்லல. "மங்கைக்கு முன்னாடியே கொஞ்சம் தெரியும் போலிருக்கு மேடம்"னு ஆரம்பிச்சேன். அவங்க ரெஹானா கையில மருந்து போட்டுக்கிட்டிருந்தாங்க. "நல்லதுதானே, சீக்கிரம் முடிஞ்சுடும்"னாங்க. அதுக்கு மேல நான் என்ன பேச? பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கு. இனிமே வேற பாடம் எடுக்கவும் முடியாது, வேற பிள்ளையும் கிடையாது. அப்ப உண்மையைச் சொன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரைக்கும் பெட்பேன். பெரம்பலூர்ல அதுவரைக்கும் காத்திருப்பாங்களா?

அதனால நாங்க ரெண்டு பேரும் பாடத்தைத் தொடர்ந்தோம். நான் தெரியாதவளுக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி, அவ தெரியாத மாதிரி. வளையம் பண்ணச் சொன்னா வேணும்னே ஒரு தடவை நழுவ விடுவா. நழுவ விட்டுட்டு என் முகத்தைப் பார்ப்பா, நான் சரியா ஏமாறுறேனான்னு. அப்புறம் தலையைக் காட்டுவா. ஜடை போட்டு விடுவேன். என்னக்கா செய்யச் சொல்றீங்க?

திருவெள்ளறையா இது? டிக்கெட் எடுத்துட்டேன்பா, எடுத்துட்டேன், இந்தா பாரு.

நேத்து ஒத்திகை. மேடம், எல்லா டிரெயினிங் டீச்சரும் சுத்தி உக்காந்திருக்கோம். அவிழ்ந்த ஷூவோட பிள்ளையை நாற்காலியில உக்கார வைக்கணும், அதுலேருந்துதான் பரீட்சையே ஆரம்பிக்கும். நான் அவிழ்த்து விட்டேன். "மங்கை, லேஸ் கட்டு"ன்னேன். கட்டல. கையை மடியில வச்சுக்கிட்டா. "தெரியல." மறுபடி சொல்றேன். "தெரியல மிஸ்." கடைசி இறுக்கு இறுக்குறதை அவ கையில குடுத்தேன், அதுவும் தெரியலைங்கிறா. ரெஹானா என்னைப் பார்க்குறா. மேடம் பேனாவை மூடிட்டாங்க. "நாளைக்கும் இப்படி உக்காந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது தவமணி"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க.

பரீட்சை வந்துடுச்சுன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு விளங்கவே இல்ல. சார்ட்டு ஒட்டுறதை, பெஞ்சு நகர்த்துறதைப் பார்த்திருப்பா. ஒவ்வொரு வருஷமும் பார்த்ததுதானே. ஆனா மத்த மிஸ்ஸுங்களுக்கெல்லாம் கட்டிட்டா. எனக்குத்தான் கட்ட மாட்டேங்கிறா. அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு, தப்பா நினைக்காதீங்க.

எல்லாரும் போனப்புறம் அவ பக்கத்துல உக்காந்தேன். "மங்கை, நாளைக்கு நீ கட்டினா நான் போக மாட்டேன்"னேன்.

"லூர்து மிஸ் போனாங்க."

"நான் போக மாட்டேன். கட்டினா இங்கேயே இருப்பேன். கட்டலைன்னாதான் போயிடுவேன்."

மாத்திச் சொல்லிட்டேன்க்கா. அவ தலைக்குள்ள இத்தனை வருஷமா இருந்ததை அப்படியே தலைகீழாத் திருப்பி வச்சுட்டேன். அவ உள்ளங்கையை நீட்டினா. சத்தியமாம்.

நான் கையை வச்சேன். அடிச்சு சத்தியம் பண்ணல, சும்மா மேல வச்சேன். ரெண்டும் ஒண்ணு இல்லையே? அதோட, முழுப் பொய்யும் கிடையாது. பெரம்பலூர்லேருந்து லீவு கிடைச்சா வந்து பார்ப்பேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. வேலை கிடைச்சப்புறம் அவ அம்மா கேட்டாங்களே அந்த பஸ் பாடம், அதைக் கூட நானே ஒரு ஞாயித்துக்கிழமை வந்து… அப்படிப் பார்க்காதீங்கக்கா. எனக்குத் தெரியுது.

நேத்து ராத்திரி வார்டுல ஒரு பாட்டிம்மா கூப்பிட்டா, நான் வேற பெட்டுக்குப் போய் நிக்கிறேன். அப்பதான் நினைச்சேன், எக்ஸாமினர்கிட்ட போய்ச் சொல்லிடலாமேன்னு. "சார், இவளுக்கு இது முன்னாடியே தெரியும். இவளுக்குத் தெரியாதது பஸ் ஏறுறது. நாங்க யாரும் அதைச் சொல்லிக் குடுக்கல." அவ்வளவுதானே? மூணு வாக்கியம். எனக்கு முன்னாடி வந்தவங்கள்ல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா, இந்நேரம் அந்தப் பொண்ணு தனியா நொச்சியம் போய்ட்டு வந்துக்கிட்டிருப்பா. யாரும் சொல்லலையே. எப்படித்தான் மனசு வந்துச்சோ அவங்களுக்கு.

நீங்க சொல்லுங்கக்கா. சொல்லிடவா?

ம். நீங்களும் அதைத்தான் சொல்றீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். சொல்லிடறேன். போனதும் முதல் வேலை அதுதான். பாருங்க, உங்ககிட்ட பேசினதும் நெஞ்சுல இருந்த கனம் பாதி இறங்கின மாதிரி இருக்கு. சொல்லிடறேன்க்கா. ஒரு வருஷம்தானே. பெட்பேன் எங்கேயும் ஓடிடாது.

மண்ணச்சநல்லூர் தாண்டிட்டோமா! மில் ஸ்டாப் இருக்குப்பா, இறங்கணும்!

அதோ, அதோ நிக்கிறாங்க பாருங்க. மஞ்சள் ரிப்பன். அதான் மங்கை. பக்கத்துல அவ அம்மா. கையை ஆட்டுறா பாருங்க… ஐயோ, இந்தப் பக்கமே ஓடி வருதே அந்தம்மா. இருங்க, ஜன்னலைத் தூக்குறேன்.

"டீச்சர்! டீச்சர்! இவ காலைப் பாருங்க டீச்சர்! சோறு வடிச்சுட்டுத் திரும்புறேன், தானே ஷூவைப் போட்டுக் கட்டிட்டு உக்காந்திருக்கா! வீட்டுல ஒருநாளும் கட்டினதில்ல டீச்சர், நான்தான் கட்டி விடுவேன்! எல்லாம் நீங்க குடுத்த படிப்பு! நீங்க நல்லா இருக்கணும்!"

"மங்கை, என்னம்மா இது? எத்தனை முடிச்சு போட்டிருக்கே?"

"நிறைய, மிஸ். இறுக்கிட்டேன். இனி அவுக்கவே முடியாது."

"அதான் டீச்சர், பஸ்ல வர்றப்பவும் முடிச்சு மேல முடிச்சாப் போட்டுக்கிட்டே வர்றா. என்னைத் தொடவே விடமாட்டேங்கிறா. மிஸ் போயிடுவாங்க, மிஸ் போயிடுவாங்கங்கிறா. நீங்க எங்க டீச்சர் போறீங்க?"

"எங்கேயும் போகலம்மா. எங்கேயும் போகல. நீங்க மில்லுக்குக் கிளம்புங்க, நான் பார்த்துக்கிறேன்."

பார்த்தீங்களாக்கா? ரெண்டு கால்லயும். நெல்லிக்கா அளவுக்கு இருக்கு ஒவ்வொண்ணும். விரல் நுழையாது.

வர்றேன்பா, வர்றேன், விசில் அடிக்காதே. சார்ட்டை மட்டும் எடுத்துக்கிறேன்.

அக்கா, உங்க சங்கிலியில ஊக்கு கோத்திருக்கீங்களே, ஒண்ணு குடுங்களேன். கொஞ்சம் பெருசா இருக்கிறது. முடிச்சுக்குள்ள விட்டு நெம்பிப் பார்க்கிறேன். எக்ஸாமினர் பத்து மணிக்கு வந்துடுவாரு.